அக்கா வீட்டு நீல மீன்

ஊரார் அவருக்கு வைத்த பெயர் மீன் டாக்டர். படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர்கள்கூட அவ்வளவு நெஞ்சை நிமிர்த்தி நடக்க மாட்டார்கள். வீடு வீடாகப் போய் உப்புத் தண்ணீர் மீன் தொட்டிகளைப் பராமரிப்பதுதான் பிழைப்பு. மீன் உடம்பில் எந்தப் புள்ளி நோய், எந்தப் புள்ளி சும்மா என்று கண்டுபிடிக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. "இன்னைக்குப் பாத்த இடத்துலயே நாளைக்கும் புள்ளி இருக்கான்னு பாருங்க. அப்புறம் மருந்தைத் தொடுங்க" என்று வாடிக்கையாளர்களிடம் வாய் ஓயாமல் சொல்வார்.

சொந்த அக்கா வீட்டில் மட்டும் அந்தப் பொறுமை காற்றில் பறந்துவிடும். கூலி இல்லாத வீடல்லவா, செருப்பைக் கழற்றும்போதே கிளம்பும் அவசரம் வந்துவிடும். அக்காவிடம் இருந்தது ஒரே ஒரு நீல மீன், அவள் கணவர் ஆசையாக வாங்கி விட்டது. அவர் போன பிறகு அந்த வீட்டில் அவளுக்குத் துணை அது ஒன்றுதான். தம்பி எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்று அதனிடம்தான் புலம்புவாள்.

ஒருநாள் போன் செய்தாள். "மீன் மேல உப்புத் தூவின மாதிரி வெள்ளை வெள்ளையா இருக்குடா. கொஞ்சம் வந்து பாரேன்."

வந்தவர் வாசற்படியில் நின்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "வெண்புள்ளி நோய்க்கா. விட்டா செத்துடும்."

"நாளைக்கு வரைக்கும் பாக்க வேணாமா? எல்லாருக்கும் அப்படித்தானே சொல்லுவ?"

"எனக்கே பாடம் எடுக்காதக்கா."

மீனை வலையில் அள்ளி ஒரு வாளியில் விட்டார். காப்பர் மருந்தைக் கண் அளவில் சாய்த்தார். காற்றுக் குழாயைச் சொருகிவிட்டு, வேறு வேலை இருக்கிறது என்று போய்விட்டார். மறுநாள் காலையில் அவர் வந்து பார்த்தபோது மீன் வாளியில் பக்கவாட்டில் சாய்ந்து செத்துக் கிடந்தது.

தொட்டியையாவது கழுவித் தருவோம் என்று கையை உள்ளே விட்டார். சற்று நேரத்தில் அவருடைய முழங்கை முழுக்க அதே வெள்ளைப் புள்ளிகள். விரலால் தடவினார், மறைந்தன. தண்ணீர் ஆவியாகி மட்டம் குறைந்திருந்தது. மோட்டார் காற்றை உறிஞ்சி, பொடிப் பொடிக் குமிழிகளாகத் தொட்டிக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. மீன் மேல் ஒட்டியிருந்ததும் இந்தக் குமிழிதான். ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருந்தால் போதும். நல்ல மீனைப் பிடித்து மருந்தில் போட்டுக் கொன்றிருக்கிறார் மனிதர்.

பின்னால் அக்காவின் குரல் கேட்டது. "நான்தான் சரியா கவனிக்கல, இல்லடா? உன்னை முன்னாடியே கூப்பிட்டிருக்கணும்."

அப்போதாவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். கூடப் பிறந்தவள்தானே, திட்டிவிட்டு மன்னித்திருப்பாள். ஆனால் நாளை நாலு பேரிடம் அவள் சொல்லிவிட்டால்? பாவி மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆமாக்கா. ரெண்டு நாள் முன்னாடி சொல்லியிருந்தா காப்பாத்தியிருப்பேன்."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவரு ஆசையா வளத்தத நானே கொன்னுட்டேனே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தம்பி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"விடுக்கா. தெரியாமதானே பண்ணின."