ஏழு நிமிட மடி

வந்திருந்தவர்கள்: அம்மா, அப்பா, அத்தை, சித்தப்பா, நான், பட்டுப்பாவாடை கட்டிய தங்கை, காது குத்தும் ஆசாரி. வராதவர் மாமா. அம்மாவின் தம்பி. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும் என்பதால், மற்ற எல்லோரும் வந்திருந்தும் யாருமே வராத மாதிரிதான்.

மாமா ஒரு தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டராகச் சேர்ந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை. லீவு கேட்டால் பையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். காதுகுத்தோ ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளிப்போயிருந்தது. திங்கட்கிழமை தங்கையைப் பள்ளியில் சேர்க்க வேண்டும். இதை விட்டால் ஆடி கழிந்துதான் நல்ல நாள் என்று காலண்டர் தாளைப் படித்துச் சொன்னவன் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்பதால் இந்த மாதிரி வேலைகள் என்னுடையவை. "மூளிக் காதோடயா ஸ்கூலுக்கு அனுப்பப் போறீங்க, அண்ணி?" என்று அத்தை வேறு கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அம்மா முதல் நாளே போனில் பேசி முடித்துவிட்டாள்.

"நீ லீவெல்லாம் போட வேணாம்டா. ஸ்ரீரங்கத்துல வண்டி ஏழு நிமிஷம் நிக்குதுல்ல? அந்த ஏழு நிமிஷம் மடியை மட்டும் குடு."

அதனால்தான் பாலக்கரையிலிருந்து கிளம்பிவந்து, பஸ் திரும்பும் இடத்துக்கு அருகே ஒரு பிள்ளையார் கோயில் மரத்தடியில் நின்றோம். தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல்.

பஸ் வந்தது. மாமா விசிலும் பையுமாக ஓடிவந்து சம்மணமிட்டார். பையைத் துழாவி, சில்லறைக்கு நடுவிலிருந்து டிக்கெட் காகிதத்தில் மடித்த ஒரு ஜோடித் தோட்டை எடுத்தார். அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தங்கையைப் பார்த்தால் ஆளைக் காணோம். ஆசாரியின் ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒளிந்திருந்தவளைச் சித்தப்பா தூக்கிவந்து மடியில் வைப்பதற்குள் நான்கு நிமிடம் போய்விட்டது.

வலது காது முடிந்தது. அவள் போட்ட கூச்சலில் இடது காதை யாராலும் நெருங்க முடியவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார்.

"தம்பி, பின்வண்டி வந்துருச்சு. வர்றியா, விசிலையும் நானே ஊதிக்கவா?"

மாமா எழுந்தார். அம்மா விடவில்லை.

"ஒத்தக் காதோட விட்டுட்டுப் போவியா? எல்லாரும் ஏறுங்க!"

ஆசாரியும் ஏறினார். கழற்றிப் போட்ட செருப்புகளுக்கும் பொங்கலுக்கும் காவலாக அப்பா மட்டும் நின்றார்.

"ஓடுற வண்டியில குத்த மாட்டேம்மா. காதுக்கு வெச்சது மூக்குல எறங்கிரும்" என்று ஆசாரி கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சரி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி நிற்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

மாமா முன்னாலிருந்து டிக்கெட் கொடுத்துக்கொண்டே எங்களிடம் வந்தார்.

"நாலு முழுசு, ரெண்டு அரை. முப்பது ரூபா, அக்கா."

"கூடப்பொறந்தவகிட்டயேவாடா?"

"மாம்பழச்சாலையில செக்கர் ஏறுவாருக்கா. அப்புறம் என் காதைப் பிடிச்சு எறக்கி விட்ருவாரு."

"உங்க தம்பி செய்ற சீரு நல்லாத்தான் இருக்கு, அண்ணி" என்றாள் அத்தை. பஸ்ஸே சிரித்தது.

செக்கர் ஏறத்தான் செய்தார். எங்கள் டிக்கெட்டுகளை எண்ணினார். அம்மா மடியில் விசும்பிக்கொண்டிருந்த தங்கையைப் பார்த்து, "இன்னொரு தோடு எங்கே?" என்றார்.

"சத்திரத்துல சார்" என்றார் மாமா. என்ன புரிந்ததோ, தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

சத்திரத்தில் கடைசி சீட்டில் மாமா மறுபடியும் மடி விரித்தார். இறங்க வேண்டிய ஒரு பூக்காரம்மா இறங்காமல் நின்று, ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளித் தங்கையின் கையில் வைத்து, "எத்தனை பூ இருக்குன்னு எண்ணிச் சொல்லு கண்ணு" என்றாள். தங்கை ஏழு வரைக்கும் எண்ணினாள். எட்டுக்கு வாயைத் திறந்தபோது வந்தது அலறல்தான். இடது காதும் முடிந்திருந்தது. படியில் ஏறக் காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமா விசிலை எடுத்து, "ஸ்ரீரங்கம், ஸ்ரீரங்கம்!" என்று கூவிவிட்டுத் திரும்பினார்.

"அக்கா, ரிட்டனுக்கு முப்பது."

அந்த நாளில் மாமாவுக்கு ஒரு டிரிப்கூடத் தவறவில்லை; பையும் அவரிடமே இருந்தது. ஆசாரிக்குப் பேசிய கூலி இருநூறு. பஸ்ஸில் ஏற்றி இழுத்தடித்ததற்குத் தனியாக ஐம்பது கேட்டு வாங்கிக்கொண்டார். போகவர டிக்கெட் அறுபது. இரண்டு காதுக்குமாகச் சேர்த்து அம்மாவுக்கு ஆன செலவு முந்நூற்றுப் பத்து ரூபாய்.