தண்ணீர் இறைக்கும் பரீட்சை

பேரையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மதுரையில் ஒரு கல்லூரிக்கு நான் இண்டர்மீடியட் படிக்க வந்ததற்குக் காரணம், தன்னைப் போல மகனும் கிணற்றடியில் நின்று தண்ணீர் இறைத்தே சாகக் கூடாது என்று என் தகப்பனார் நினைத்ததுதான். வந்த வருஷமே கல்லூரியில் எனக்குத் தண்ணீர் இறைக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

தேகப்பயிற்சி அப்போதுதான் எங்களுக்குக் கட்டாயப் பாடமாகியிருந்தது. அதில் தேறாதவன் பெரிய பரீட்சை எழுத முடியாது. பயிற்சி ஆசிரியர் சென்னையில் படித்துத் திரும்பியிருந்த இளைஞர். கிறிஸ்தவர், பரம சாது, மாணவர்களையும் 'நீங்கள்' என்றுதான் கூப்பிடுவார். அவர் கொண்டுவந்த புதுமைக்குப் பாவனைப் பயிற்சி என்று பெயர். கையில் ஒன்றும் இல்லாமலே விறகு வெட்ட வேண்டும், படகு விட வேண்டும், கிணற்றில் நீர் இறைக்க வேண்டும். வைகையில் மணலைத் தவிர வேறெதையும் அதிகம் பார்த்திராத நாங்கள், சாயங்காலந்தோறும் மைதானத்தில் வரிசையாக உட்கார்ந்து துடுப்புப் போட்டோம்.

படகு எனக்கு வந்துவிட்டது. கிணறுதான் வரவில்லை. கனமில்லாத வாளியை இழுத்ததும் கை இரண்டும் தலைக்கு மேலே போய்விடும். வாளி நிறையத் தண்ணீர் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார் ஆசிரியர். நினைத்துக்கொண்டேன். அன்று முதல் வாளி மேலேயே வரவில்லை. மனசில் வந்தது எங்கள் தோட்டத்துக் கிணறு; அது நல்ல ஆழம். நான் இழுத்து முடிப்பதற்குள் மற்றவர்கள் கலைந்து போயிருப்பார்கள்.

எனக்குப் பக்கத்தில் நின்றவன் கோரிப்பாளையத்து முஸ்லிம் சிநேகிதன். அவன் வீட்டில் குழாய் உண்டு, கயிற்றைத் தொட்டதே இல்லை. பட்டத்து நூலை இழுப்பதுபோல் இழுத்து நல்ல பெயர் வாங்கிவிட்டான். "தள்ளி நில்லு மாப்ள, ஒன் கெணறு என் கெணத்துல இடிக்குது" என்பான். கேலியில்லை, இடிக்கத்தான் செய்தது. அவரவர் கிணற்றுக்கு ஆசிரியர் அளவு வைத்திருந்தார். கிணற்றின் மேல் யாரும் நடக்கக் கூடாது.

பரீட்சையன்று வெளியூர்ப் பரிசோதகர் ஒருவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் இறைத்துக்கொண்டிருந்தோம். அந்த நேரம் பார்த்து என் தகப்பனார் மைதானத்துக்குள் வந்தார். திருமங்கலத்தில் பஸ் மாறி வந்தவர், தலைப்பாகையெல்லாம் புழுதி. அரைக்கால் சட்டை போட்ட வாலிபர்கள் வெறுந்தரையிலிருந்து எதையோ இழுப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு என்னை அடையாளம் கண்டு நேரே நடந்து வந்தார்.

"ஐயா, பார்த்து வாங்க. கிணறு இருக்கு" என்றார் ஆசிரியர், பழக்க தோஷத்தில்.

தகப்பனார் நின்றார். தரையைப் பார்த்தார், ஆசிரியரைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கிணறாகச் சுற்றி என் பக்கம் வந்து சேர்ந்தார். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை.

அப்போது பரிசோதகர் என்னிடம், இறைத்த தண்ணீரை என்ன செய்வீர் என்று கேட்டார். அதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆசிரியருக்கு முகம் வெளிறிவிட்டது. நான் வாளியும் கையுமாக நின்றேன். கீழே வைக்கலாம் என்றால் நிறைந்திருக்கிறது, தளும்பும்.

தகப்பனார் செருப்பைத் தரையில் போட்டார். குனிந்து, இரண்டு கைகளையும் குவித்து வாயருகே வைத்துக்கொண்டார்.

"ஊத்துய்யா" என்றார் மெதுவாக.

ஊற்றினேன். அவர் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. போதும் என்று தலையை அசைத்ததும் நிறுத்தினேன். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். பரிசோதகர் எழுந்து வந்து எனக்குக் கை கொடுத்தார். அடுத்து என் சிநேகிதனைக் கேட்டபோது அவன் பதறிப்போய்த் தண்ணீரைத் திரும்பக் கிணற்றிலேயே கொட்டிவிட்டான். அவனையும் தேற வைத்துவிட்டார்கள்.

வெளியே ரோட்டோரம் வந்த பிறகுதான் தகப்பனார் வந்த விஷயத்தைச் சொன்னார்.

"நம்ம கெணறு வத்திப்போச்சுய்யா. மாட்டுக்குக்கூடத் தண்ணியில்ல. ஆழமா வெட்டணும், லீவு விட்டதும் வந்துரு."

சிரிக்கிற சங்கதியா அது? எனக்குச் சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் அடக்கிக்கொண்டுதான் நின்றார். பஸ் வருகிறவரை இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தோம்.

அந்தக் கோடை விடுமுறை முழுக்க வெட்டினோம். பாறைதான் வந்தது. ஐப்பசியில் நல்ல மழை பெய்து கிணறு தானாகவே நிறைந்தது.