ரசலையனின் இடது கன்னம்

எங்கள் கல்லூரியில் பதினாறு ஆண்டுகளாக முதலாண்டு விலங்கியல் படித்த அத்தனை பிள்ளைகளும் ரசலையனின் வாயைப் பார்த்திருக்கிறார்கள். வெளியிலிருந்து அல்ல, உள்ளே. அதுவும் நானூறு மடங்கு பெரிதாக்கி.

ரசலையன் எங்கள் துறையின் ஆய்வக உதவியாளர். ஐம்பத்திரண்டு வயது. தக்கலைப் பக்கம் வீடு. பிளஸ் டூவோடு படிப்பு நின்றுவிட்டது. ஆனால் மைக்ரோஸ்கோப்பை அவர் தொடுவதுபோல எங்கள் துறையில் ஒருவரும் தொட மாட்டோம். நான் செல் உயிரியல் நடத்த வந்த முதல் வாரத்தில் லென்ஸை இறக்கி ஸ்லைடை உடைத்துவிட்டு விழித்துக்கொண்டு நின்றேன். அவர் வந்து, பிள்ளைகளிடம் "கண்ணாடி பழசாக்கும், மிஸ் என்ன செய்வாங்க" என்று சொல்லிவிட்டு வேறு ஸ்லைடு வைத்துவிட்டுப் போனார். அன்று முதல் எனக்கு அவர் அண்ணன்தான்.

செல் உயிரியலின் முதல் பாடம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். முதல் வாரம் பல்லாரி வெங்காயத் தோலை உரித்துப் பார்ப்பது. அது தாவர செல். அடுத்த வாரம் கன்னத்தின் உட்பக்கத்தைப் பல்குச்சியால் சுரண்டி, மெத்திலீன் நீலம் விட்டுப் பார்ப்பது. அது விலங்கு செல். முன்பெல்லாம் பிள்ளைகள் தங்கள் கன்னத்தைத் தாங்களே சுரண்டினார்கள். ஒரு ஆண்டு ஒருவன் ரத்தம் வரும்வரை குத்திக்கொள்ள, அவன் அப்பா வந்து துறைத் தலைவர் அறையில் ஒரு பாடு கத்திவிட்டுப் போனாராம். இனிப் பிள்ளைகள் வாயில் குச்சி படக்கூடாது என்று முடிவானது. அப்போது ரசலையன், "எனக்க கன்னத்த எடுத்துக்கிடுங்க சார்" என்றாராம். அதிலிருந்து ஒவ்வொரு ஆகஸ்டிலும் அவர் கன்னம்தான். பத்து மைக்ரோஸ்கோப்பில் பத்து ஸ்லைடு. நன்றாக அமைந்த ஒன்றைக் கெடாதபடி பிசின் போட்டு மூடி, ஆண்டை எழுதி ஒட்டி, ஒரு மரப்பெட்டியில் வைத்துக்கொள்வார். "இது எனக்க போட்டோ ஆல்பமாக்கும் மிஸ்" என்பார்.

எப்போதும் இடது கன்னம். ஒருமுறை ஏன் என்று கேட்டேன். "வலதுல சுரண்டுனா வழுக்கிற்று போவும். இடதுல கொஞ்சம் சொரசொரப்பு உண்டு. ஒரே இழுப்புல கூட்டமா வரும்" என்றார். நான் சிரித்தேன். காலையில் பஸ் ஏறும் முன் அவர் வெற்றிலையும் புகையிலையும் ஒதுக்குவது அந்த இடது பக்கம்தான் என்பது எனக்குத் தெரியும். துறைக்கே தெரியும். கல்லூரி வாசல் குழாயில் வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே வருவார். நான் செல்களைப் பற்றி முனைவர் பட்டம் வாங்கியவள். சொரசொரப்பு என்று ஒருவர் சொல்ல, சிரித்தேன். என்னை என்ன சொல்லித் திட்டிக்கொள்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

இன்னொரு வழக்கமும் எங்களிடம் இருந்தது. பிள்ளைகள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததை ரெக்கார்டு நோட்டில் வரைய வேண்டும். பார்த்து வரைந்தால் ஒவ்வொருவர் படமும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். வெளியிலிருந்து தேர்வுக்கு வருகிறவர் குறை சொல்லுவார். அதனால் ஷைஜா என்று ஒரு பழைய மாணவி அழகாக வரைந்த ரெக்கார்டை ரசலையன் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். அதுதான் மாதிரி. வகுப்பு தொடங்கியதும் அதை மேசைமேல் விரித்து வைப்பார். பிள்ளைகள் பேருக்கு ஒருமுறை லென்ஸில் குனிந்துவிட்டு, மாதிரியைப் பார்த்து வரைந்துவிடுவார்கள். அகலமான செல், நடுவில் சின்னதாக ஒரு உட்கரு. "பப்படத்துல கடுகு ஒட்டுனது மாதிரி வரைங்க மக்கா" என்று சொல்லிக்கொண்டே சுற்றி வருவார். எல்லாப் படமும் ஒன்றுபோல இருக்கும். எனக்கும் வசதி. அறுபது ரெக்கார்டில் கால் மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

2024 ஆகஸ்டில் அந்த வழக்கத்தில் ஒரு பெண் இடறினாள். அபினா. குளச்சல் பக்கத்துக் கடற்கரைப் பிள்ளை, அப்பா மீன்பிடிக்கப் போகிறவர். அவள் மாதிரியைத் திரும்பியும் பார்க்காமல், ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தாள். ரசலையன் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"ஏட்டி, இது என்னது? கடுகு வரையச் சொன்னா நெல்லிக்காய வச்சிருக்க?"

"அண்ணே, இதுல அப்பிடித்தான் இருக்கு. பெருசா, கருப்பா."

"பதினாறு வருசமா பாக்கேன் நான். எனக்க கன்னம் எனக்குத் தெரியாதா? அழி."

அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு ரப்பர் இருக்கும். எடுத்துக் கொடுத்தார். அவள் அழிக்காமல் ரெக்கார்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். நான் மடிக்கணினியில் ஏதோ அறிக்கை தட்டிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்காமல், "மாதிரியப் பாத்து வரை, நேரம் இல்ல" என்றேன். அவள் இடத்துக்குத் திரும்பிப் போய் ரப்பரை எடுத்தாள்.

மறுநாள் காலை ஆசிரியர் அறையில் கையெழுத்துப் போடும்போது அபினாவின் ரெக்கார்டு வந்தது. பப்படமும் கடுகுமாகச் சரியாகவே வரைந்திருந்தாள். கீழே பென்சிலில் சின்னதாக ஒரு வரி: "மிஸ், நான் பார்த்தது இது இல்லை."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. கல்லூரிக்கு வந்து முழுசாக ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் இந்தத் திமிரா என்று. அவளைக் கூப்பிட்டுக் காட்டி வாயடைக்க வேண்டும் என்றே ஆய்வகத்துக்குப் போனேன். ரசலையன் லென்ஸ்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெட்டியிலிருந்து அந்த ஆண்டு ஸ்லைடை எடுத்து வைத்துக் குனிந்தேன்.

கடுகு இல்லை. செல்கள் சுருங்கியிருந்தன. உட்கருக்கள் பெரிதாக, கரேலென்று, ஓரம் நெளிந்து, சில செல்களில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. ஒன்றில் இரண்டு உட்கரு. ஸ்லைடை நகர்த்தினேன். மறுபடி நகர்த்தினேன். எங்கே போனாலும் அங்கங்கே அவை நின்றன. தலையை எடுக்கவே பயமாக இருந்தது, ஏனென்றால் எடுத்தால் பக்கத்தில் அவர் நிற்கிறார்.

"என்ன மிஸ், கலங்கலா இருக்கா? நவுருங்க, நான் சரியாக்கித் தாறேன்."

அவர் குனிந்தார். குமிழைத் திருப்பிய கை பாதியில் நின்றது. பிறகு ஸ்லைடை வெளியே எடுத்து, ஒட்டியிருந்த ஆண்டை வாசித்தார்.

"இது எனக்கதுதானா?"

"அண்ணே, ஒரு ஸ்லைடு வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. டாக்டர்ட்ட..."

"நான் நேத்தும் பாத்தேன் மிஸ். பத்தையும் நாந்தான் சரியாக்கி வச்சேன்." குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "பாத்தேன், ஆனா நான் பாக்கல்ல."

அதன்பிறகு அவர் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பெட்டியிலிருந்து ஒவ்வொரு ஆண்டாகப் பின்னோக்கி எடுத்து வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு எனக்கு இடம் விட்டார். 2023, அதே கரிய உட்கருக்கள். 2022, கொஞ்சம் குறைவு, ஆனாலும் இருந்தன, தேடாமலே தெரிந்தன. 2021, ஒன்றிரண்டு. 2020-ல் கொரோனா, வகுப்பே இல்லை. 2019-ல் கடுகு, எல்லாம் சுத்தமான கடுகு. இடது கன்னத்துக்குப் போன அவர் கை பாதி வழியில் நின்று கீழே இறங்கிவிட்டது.

"லீலாபாய்ட்ட இப்ப சொல்லாதீங்க" என்றார். லீலாபாய் அவர் மனைவி.

சொல்லாமல் எத்தனை நாள்? நாகர்கோவிலில் ஒரு டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்ததுமே முகம் மாறினார். சதையில் துளி வெட்டி அனுப்பினார்கள். புற்றுநோய்தான் என்று வந்தது. அறுவை சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போகச் சொன்னார்கள். அங்கே இருந்த டாக்டர், லீலாபாயையும் என்னையும் உட்காரவைத்து, கன்னத்தோடு தாடை எலும்பிலும் கொஞ்சம் எடுக்க வேண்டும், பிறகு கதிர்வீச்சு, அதற்குப் பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்றார். கடைசியில், "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா ஒரு சின்ன வெட்டோட முடிஞ்சிருக்கும்" என்றார். லீலாபாய் அழவில்லை. என்னைப் பார்த்து, "இவரு அந்தப் பூதக்கண்ணாடிக்க பக்கத்துலதானே மிஸ் இருவத்திமூணு வருசமா இருக்காரு" என்றாள். கேள்வியாகத்தான் கேட்டாள்.

அந்த வாரம் பாடத்திட்டப்படி செல் பிரிதல் நடத்த வேண்டியிருந்தது. ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் நின்று பார்க்கும், டி.என்.ஏ.வில் பழுது இருந்தால் சரிசெய்யும். சரிசெய்ய முடியாவிட்டால் தன்னையே அழித்துக்கொள்ளும். அந்தச் சோதனை தவறிப்போன செல்தான் கட்டுக்கடங்காமல் பெருகும். பதினோரு ஆண்டாக மூச்சு விடாமல் சொல்லி வந்த பாடம். அன்று "நின்று பார்க்கும்" என்ற இடத்தில் நிறுத்தி, மீதியைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளச் சொன்னேன். வகுப்பு முடிந்ததும் அபினா பின்னாலேயே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"மிஸ், நான் அப்பிடி வரஞ்சதுனாலயா அண்ணனுக்கு..."

"லூசு மாதிரிப் பேசாத. நீ வரஞ்சதுனாலதான் அவரு ஆஸ்பத்திரிக்குப் போனாரு."

அவளுக்குச் சமாதானம் ஆகியிருக்கலாம். எனக்கு ஆகவில்லை. டாக்டர் சொன்ன இரண்டு வருடம் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. 2022-ல் அறுபது பிள்ளைகள் அந்தச் செல்களைப் பார்த்திருக்கிறார்களே, ஒருவர்கூடவா கவனிக்கவில்லை? தேர்வு முடிந்து பலர் ரெக்கார்டைத் திரும்ப வாங்க வரமாட்டார்கள். அவை சாமான் அறையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். ஒரு மதியம் போய் 2022 கட்டைப் பிரித்தேன். முப்பத்தொரு ரெக்கார்டு. முப்பத்தொரு பப்படம், முப்பத்தொரு கடுகு.

ஷிபு என்பவனின் ரெக்கார்டில் மட்டும் அந்த இடத்தில் தாள் கொஞ்சம் மங்கி, தேய்ந்திருந்தது. ஜன்னலருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தேன். பென்சிலை அழுத்தி வரைந்து அழித்த தடம். கடுகைச் சுற்றிப் பெரிய வட்டம், ஓரம் நெளிந்தது. அவன் பார்த்திருக்கிறான். வரைந்திருக்கிறான். அழிக்கவைத்திருக்கிறோம். அந்த அழிபட்ட வட்டத்துக்கு நேர் கீழே சிவப்பு மையில் "நன்று" என்று எழுதி, தேதி போட்டு, ஜாஸ்பின் என்று என் கையெழுத்து.

அறுவை முடிந்து எட்டாம் நாள் திருவனந்தபுரம் போனேன். கேரள எல்லையில் களியக்காவிளை தாண்டும் வரை, இதை அவரிடம் சொல்லக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். படுத்திருக்கிற மனுஷனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? இடது பக்கம் முழுக்கக் கட்டு. மூக்கில் குழாய். தொடையிலிருந்து தோலும் சதையும் எடுத்துக் கன்னத்தில் வைத்திருந்தார்கள். பேச முடியாது. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார். லீலாபாய் ஒரு நோட்டையும் பேனாவையும் அவர் மடியில் வைத்துவிட்டு, கஞ்சித் தண்ணீர் வாங்கிவரக் கீழே போனாள்.

அபினா அவரை விசாரித்ததாகச் சொன்னேன். பிள்ளைகள் எல்லாரும் ஜெபிக்கிறார்கள் என்றேன். மாதிரி ரெக்கார்டை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டேன், இனி அவரவர் பார்த்ததைத்தான் வரைய வேண்டும் என்றேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வேறு பேச்சுத் தேடிக்கொண்டிருக்கையில் பேனாவை எடுத்து மெல்ல எழுதி, நோட்டை என் பக்கம் திருப்பினார்.

"ரெண்டு வருசம் முன்னாடி ஷிபுன்னு ஒரு பையனும் வரஞ்சான் மிஸ். ரப்பர் குடுத்தது நாந்தான்."

அவர் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. அவருக்கு எல்லாம் நினைவிருந்திருக்கிறது. அத்தனை நாளும் அதை அவர் தனியாகச் சுமந்துகொண்டு படுத்திருக்கிறார். நான் மறைக்க நினைத்துக் கொண்டுவந்தது என் பங்கை மட்டும்தான்.

அவர் விரல்களிலிருந்து பேனாவை வாங்கி, அந்த வரிக்குக் கீழே, அன்று ஷிபுவின் ரெக்கார்டில் போட்டதுபோலவே தேதி போட்டு, கையெழுத்துப் போட்டேன்.