பிலோமினா இழுத்துத் தைத்த பொத்தான்கள்

போன வாரம் பேரனின் பைஜாமாவுக்கு எலாஸ்டிக் கோத்துக்கொண்டிருந்தேன். முனையில் ஊக்கைக் குத்தி, துணிக்குள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போகும் வேலை. கண் அதில் இருந்தாலும் காது டிவியில் இருந்தது. பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்பதை விளக்க வந்த ஒரு பையன், நல்ல களையான பையன்தான், இரண்டாவது வாக்கியத்திலேயே “இதைத் தமிழ்ல சொல்றது கொஞ்சம் கஷ்டம்” என்று சிரித்துவிட்டு ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டான். ஊக்கு என் விரலில் ஏறிவிட்டது. வந்த கோபத்தில் வலி கூடத் தெரியவில்லை.

கஷ்டமாம். அறுபது வருடத்துக்கும் முன்னால், மைசூர் ராஜ்யத்து ஜோகுபாளையத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, முப்பது பேருக்கு எதிரில் அதைத் தமிழிலேயே சொன்னவள் நான். கையில் இதே அரை அங்குல எலாஸ்டிக்தான். கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எண்பதைத் தாண்டியவளுக்கு இந்தச் சலுகை கூட இல்லையென்றால் எப்படி?

இப்போது வரும் எலாஸ்டிக்கில் வாசனையே இல்லை. அப்போதெல்லாம் புது எலாஸ்டிக்கைப் பிரித்தால் ரப்பரும் பவுடரும் கலந்து ஒரு நெடி அடிக்கும். பிலோமினா மேல் எப்போதும் அந்த நெடி இருக்கும். அவள் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண், என்னைவிட இரண்டு வயது சின்னவள். அவள் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்தில் இருந்தவர். நெஞ்சு கெட்டு வேலையை விட்டபின் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டார். பிலோமினா மர்பி டவுனில் ஒரு தையல் கூடத்தில் பட்டாளத்துக்காரர்களின் அரைக்கால்சட்டைக்கு இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்தாள். அதே மர்பி டவுனில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் அறிவியல் டீச்சர். காலையில் இருவரும் சேர்ந்து நடந்துதான் போவோம். நூலகத்தில் படித்ததையெல்லாம் வழியில் அவளிடம் கொட்டுவேன். பாவம், அவளுக்கும் தப்பிக்க வேறு வழி கிடையாது.

வானத்தில் தெரியும் நட்சத்திரக் கூட்டங்கள் ஒன்றையொன்று விட்டு விலகிக்கொண்டிருக்கின்றன, எட்ட இருப்பது இன்னும் வேகமாக விலகுகிறது என்று ஒருநாள் சொன்னேன். அவள் சட்டென்று நின்றுவிட்டாள். அவை விலகி எங்கே போகின்றன, வழியில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். கல்லூரியில் மூன்று வருடம் படித்தும் எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். அவை எங்கேயும் ஓடவில்லை, நடுவிலிருக்கும் இடமே நீள்கிறது என்று புத்தகத்தைப் புரட்டிவிட்டு மறுநாள் சொன்னேன். “எலாஸ்டிக் மாதிரி” என்றாள். அதைச் சொன்னவள் அவள். இத்தனை வருடமும் பெயரை நான் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

ஜோகுபாளையத்தில் அப்போது ஒரு படிப்பகம் இருந்தது. ஞாயிறுதோறும் காலையில் யாராவது பேசுவார்கள். மில் தொழிலாளிகள், சைக்கிள் கடைக்காரர்கள், தையல் வேலைக்குப் போகும் பெண்கள் என்று கூட்டம் சேரும். நாற்காலிகள் ஓய்வுபெற்ற எஞ்சினியர் ஒருவர் கொடுத்தவை. மூன்று தலைமுறையாக மைசூர் அரசாங்க வேலையில் இருந்த தமிழ்க் குடும்பம் அவருடையது. ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் அவர் பெயர் பெயிண்டில் எழுதியிருக்கும், சாய்ந்து உட்காரவே கூச்சமாக இருக்கும். நான் விரியும் பிரபஞ்சத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று தெரிந்ததும் கூப்பிட்டு அனுப்பினார்.

“இதெல்லாம் இங்கிலீஷ்லதாம்மா சரியா வரும். தமிழ்ல சொன்னா கதாகாலட்சேபமா ஆயிடும்” என்றார். குரலில் கடுமையே இல்லை, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் தமிழில்தான் பேசுவேன் என்றேன். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். நடுவில் தமிழில் முடியாமல் ஆங்கிலத்துக்குப் போனேன் என்றால், அடுத்த ஞாயிறு முதல் அறிவியல் பேச்சையெல்லாம் அவரே ஆங்கிலத்தில் நடத்துவார். அப்படி நடந்தால் பிலோமினாவும் மற்றவர்களும் என்ன செய்வார்கள்? அவர் பெயர் மேல் சாய்ந்துகொண்டு தலையாட்டிவிட்டுப் போவார்கள். வீறாப்பாக ஒத்துக்கொண்டு வந்துவிட்டேனே தவிர, வீட்டுக்கு வந்ததும் கஷ்டமான ஒரு பகுதியைப் பேச்சிலிருந்தே எடுத்துவிட்டேன்.

எலாஸ்டிக்கில் சாக்பீஸால் புள்ளி வைத்து ஒத்திகை பார்த்தேன். பிலோமினா பார்த்துவிட்டு, “இன்னாக்கா, புள்ளியும் சேந்து ஊதுது?” என்றாள். உண்மைதான். இழுத்தால் இடைவெளி மட்டுமல்ல, புள்ளியும் அகலமாகிறது. வானத்தில் அப்படியில்லை, ஒவ்வொரு கூட்டமும் தன் ஈர்ப்பால் இறுகிப் பிடித்துக்கொண்டிருப்பதால் அது பெருப்பதில்லை. அப்படியானால் பொத்தான் தைத்துவிடலாம் என்றாள். விரல் அகல இடைவெளி விட்டு ஏழு பொத்தான் என்று சொல்லி அனுப்பினேன். தையல் கூடத்தில் கழித்துப்போட்ட பெரிய மேல்கோட்டுப் பொத்தான்களைக் கேட்டு வாங்கித் தைத்து, காகிதத்தில் சுற்றி ஞாயிறு காலையில் கொண்டுவந்தாள். பிரித்துப் பார்க்க எனக்கு நேரமில்லை.

எஞ்சினியர் கோட்டு போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பேச்சு நன்றாகத்தான் போனது. விலகிப் போகும் கூட்டத்தின் வெளிச்சம் சிவப்புப் பக்கம் சாய்வதைச் சொன்னேன், எல்லோருக்கும் புரிந்தது. பிறகு காகிதத்தைப் பிரித்து எலாஸ்டிக்கைத் தூக்கிக் காட்டினேன். ஏழு பொத்தானும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்துக்கொண்டு தொங்கின. இடைவெளி என்று ஒரு நூலளவு கூட இல்லை.

“எல்லாம் கும்பலா நிக்குதேம்மா” என்றார் எஞ்சினியர். சிரிப்பு கிளம்பியது. அந்த நேரத்தில் வாயில் வந்து நின்றது ஆங்கிலம்தான், அதை மறைக்கப் போவதில்லை. கல்லூரியில் மனப்பாடம் செய்த வாக்கியம் ஒன்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

பின்வரிசையிலிருந்து பிலோமினா எழுந்தாள். “இழுங்கக்கா. எலாஸ்டிக்க இழுத்துப் புடிச்சுதான தெப்பாங்க?” என்றாள்.

நாள் முழுக்க இடுப்புப்பட்டி தைக்கிறவள். எலாஸ்டிக்கை முழுக்க இழுத்துப் பிடித்துத்தான் ஊசி போடுவாள், அவள் கைக்கு வேறு பழக்கம் இல்லை. விரல் அகல இடைவெளி என்று நான் சொன்னதை இழுத்த எலாஸ்டிக்கில் அளந்து தைத்திருக்கிறாள். விட்டதும் எல்லாம் கூடிவிட்டன. அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான், நான் பயந்துபோய்ப் பேச்சிலிருந்து விட்டுவிட்ட பகுதி என் கையிலேயே தொங்குவது தெரிந்தது.

“இதுதான் ஆரம்பம்” என்றேன். இன்று விலகிப் போகிறவை நேற்று இன்னும் கிட்ட இருந்திருக்க வேண்டும், முந்தாநாள் அதைவிடக் கிட்ட. பின்னால் போய்க்கொண்டே இருந்தால் இப்படித்தான் வந்து நிற்கும். பிலோமினா முன்னால் வந்து மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாக இழுத்தோம். பொத்தான்கள் பிரிந்து வரிசையாக நின்றன. அவரவர் எந்தப் பொத்தானில் வேண்டுமானாலும் உட்கார்ந்து பாருங்கள், மற்றவை எல்லாம் உங்களைவிட்டு விலகும், இந்தக் கோடியில் உட்கார்ந்தால் பக்கத்துப் பொத்தான் ஒரு விரல் போவதற்குள் மறுகோடிப் பொத்தான் ஆறு விரல் போயிருக்கும் என்றேன்.

சைக்கிள் கடை முனுசாமி, ஒரே அறையில் ஏழு பேரோடு குடியிருந்தவர், கையைத் தூக்கி, “அப்ப எங்க ரூமும் பெருசாவுமா, மிஸ்?” என்றார். உங்கள் அறை பொத்தானுக்குள் இருக்கிறது, அது ஆகாது என்றேன். அவர் முகத்தில் நிஜமாகவே ஏமாற்றம்.

எஞ்சினியர் விடவில்லை. பிரபஞ்சத்துக்கு ஆரம்பமே கிடையாது, என்றும் ஒரே மாதிரிதான் இருக்கிறது என்று சீமையில் பெரியவர்களே சொல்கிறார்கள் என்றார். அன்றைக்கு அப்படியும் ஒரு கட்சி இருந்தது உண்மை, அதை ஒத்துக்கொண்டேன். பிறகு அவர் சொன்னார்: “இந்த மூலைல நின்னுக்கிட்டு நீ தீர்ப்பு சொல்றியே.”

“இதுல நடுன்னே ஒண்ணு இல்லீங்க. நடு இல்லன்னா மூல ஏதுங்க?” என்றேன்.

யாரும் கைதட்டவில்லை. எஞ்சினியர் மட்டும் எழுந்து வந்து, எலாஸ்டிக்கை வாங்கி இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகள் தமிழிலேயே நடந்தன. சில வருடங்கள் கழித்து, எல்லாம் நெருக்கியடித்து நின்ற அந்த ஆரம்பத்தின் சூட்டில் மிச்சம் வானத்தின் எல்லாப் பக்கமிருந்தும் இன்னும் வந்துகொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். செய்தியைப் படித்ததும் எஞ்சினியர் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். தமிழில்தான்.

படிப்பகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. நாற்காலிகள் எங்கே போயினவோ தெரியாது. பிலோமினா கல்யாணமாகி ஈஜிபுரா பக்கம் போனாள், அங்கிருந்து எங்கேயோ. விசாரித்துப் போனபோது அந்தத் தெருவில் யாருக்கும் அவளைத் தெரியவில்லை. எலாஸ்டிக் மஞ்சளாகி, இழுவையை இழந்து, ஒருநாள் கையிலேயே பொடியாக உதிர்ந்தது. பொத்தான்கள் ஏழும் இருக்கின்றன.

போன வாரம் டிவியை அணைத்துவிட்டு, பைஜாமா போக மிச்சமிருந்த எலாஸ்டிக்கின் ஒரு முனையைக் கட்டில் காலில் கட்டி, முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டு ஏழையும் தைத்தேன். கை நடுக்கத்தில் முழுசாக இரண்டு நாள் ஆயிற்று. விட்டதும் அன்றைக்குப் போலவே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. யார் வந்து கேட்டாலும் இப்போதும் தமிழிலேயே சொல்வேன், ஒரு கஷ்டமும் இல்லை. மறுமுனையைப் பிடிக்கத்தான் அவள் இல்லை.