நண்டு வளையின் ஆழம்

‘தனியார் தேக்கிவைத்திருக்கும் நீர் எதுவானாலும், மழைக்காலத்துக்கு முன் அதன் கரையைப் பார்வையிட்டு, குறைகளை மூன்று பிரதிகளில் மேலிடத்துக்கு எழுத வேண்டும். பதில் வரும்வரை கரையில் யாரும் கைவைக்கக் கூடாது.’ எங்கள் அலுவலகக் கையேட்டில் இருந்த விதி இது. 1951இல் புதிதாக ஓவர்சியர் வேலையில் சேர்ந்தபோது இதை மனப்பாடமாகச் சொல்வேன். இப்போதும் சொல்வேன், கேட்கத்தான் ஆளில்லை.

அந்த வருடம் என்னை எண்ணூர்ப் பக்கம் அனுப்பினார்கள். அங்கே ஒரு முதலாளி, மழைநீர் ஓடும் கால்வாயின் குறுக்கே மண் அணை போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு படகு விடுவதற்கென்றே ஒரு குளம் வைத்திருந்தார். இரண்டு படகுகள். ஒன்றுக்கு வாத்துத் தலை. அணைக்குக் கீழே மீனவர் குப்பம். அணையை ஒட்டிய முதல் குடிசை ஒரு மீன்காரம்மாவுடையது.

கரையில் நண்டு வளைகள் இருந்தன. ஒன்றில் ஈரம் கசிந்தது. ஏற்பாடு செய்கிறேன் என்று மீன்காரம்மாவிடம் சொல்லிவிட்டு, முறைப்படி எழுதி அனுப்பினேன். படிவத்தின் ஏழாவது கட்டத்தில் வளையின் ஆழம் குறிப்பிடவில்லை என்று எங்கள் தலைமை குமாஸ்தா அதைத் திருப்பிவிட்டார். அவர் செய்தது சரிதான். நானாக இருந்தாலும் திருப்பியிருப்பேன்.

மறுபடி போனபோது ஐப்பசி மழை பிடித்துவிட்டது. குளம் தளும்பிக்கொண்டிருந்தது. மீன்காரம்மா குடிசை வாசலில் நின்றார். உள்ளே அவர் மகள் பிள்ளை பெற்று எட்டு நாள் ஆகியிருந்தது; பச்சை உடம்பு, எழுந்து நடக்கும் நிலையில் இல்லை.

“இன்னா நைனா, ஏற்பாடு பண்ணிட்டியா?” என்றார்.

ஆழம் மட்டும்தான் பாக்கி என்று சொல்லி, அளவுகோலை வளைக்குள் விட்டேன். இரண்டடி போனது. நின்றது. துல்லியமாக இருக்கட்டுமே என்று இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். உள்ளே ஏதோ இளகியது. கோலை வெளியே இழுத்ததும் என் சட்டையில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

“நீ பாக்க வந்தியா, தோண்ட வந்தியா?”

அவர் ஒரு பழைய வலையைச் சுருட்டி ஓட்டையில் திணித்து, என்னை அதன்மேல் முதுகைக் கொடுத்து உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். “எந்திரிச்சே, என் பொண்ணு வூட்டோட பூடுவா,” என்று சொல்லிவிட்டு ஆட்களைக் கூட்டிவர ஓடினார்.

சத்தம் கேட்டு முதலாளியின் காவல்காரர் குடையோடு வந்தார். மதகைத் திறக்கச் சொன்னேன்.

“சாவி மொதலாளியாண்ட கீது சார். சாவி இருந்தாலும் மதகு துருப்புடிச்சி கெடக்குது. நாளன்னிக்கி ஞாயித்துக்கெழம. தண்ணி எறங்குனா என் வேல பூடும்,” என்றார். ஆனால் போகும்போது குடையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

குப்பத்து ஆட்கள் மண்வெட்டிகளோடு வந்தார்கள். அவர்களில் பெரியவர், எண்ணூர் முகத்துவாரம் மணல் மூடும்போதெல்லாம் அதை வெட்டித் திறந்துவிடுகிறவர். அணையை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. அது போய் முட்டும் வடகோடி மணல் மேட்டுக்குப் போனார். அங்கே வெட்டினால் தண்ணீர் குப்பத்தைத் தொடாமல் கடலுக்குப் போகும்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே நான் விதியைச் சொன்னேன். முழுவதுமாக.

“அந்த ரூலையும் சுருட்டி ஓட்டையில வையி மாமு. நல்லா அடைக்கும்,” என்றார் பெரியவர்.

கடல் வற்றும் நேரம் வரும்வரை அவர் மண்வெட்டியைத் தொடவிடவில்லை. பிறகும் ஒரு முழ அகலத்துக்குமேல் வெட்டவிடவில்லை. மிச்சத்தைத் தண்ணீரே அறுத்துக்கொள்ளும் என்றார். அறுத்துக்கொண்டது. குளம் சாயங்காலம்வரை நிதானமாக இறங்கியது. முதுகில் அழுத்தம் குறைந்துகொண்டே வந்ததை நான் உணர்ந்தேன். அவ்வளவு நேரமும் குடிசைக்குள் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்குத் தைரியமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதலாளி காரில் வந்தார். வாத்து சேற்றில் கவிழ்ந்து கிடந்தது. வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, “யார் உத்தரவில் செய்தீர்கள்?” என்று கேட்டார். உத்தரவு கேட்டு எழுதியிருக்கிறேன் என்றேன். அது உண்மை.

திங்கட்கிழமை நடந்ததை ஒளிக்காமல் மூன்று பிரதிகளில் எழுதினேன். ஓட்டையைப் பெரிதாக்கியது நான். வெட்டும்போது பக்கத்தில் இருந்தது நான். என்மீது என்ன நடவடிக்கை என்று தெரிவிக்கவும். ஏழாவது கட்டத்தையும் நிரப்பினேன். பிறகு காத்திருந்தேன். முதல் வருடம் தபால்காரரைக் கண்டாலே அலுவலக வாசலுக்கு ஓடுவேன். அதற்குள் முதலாளி படகுகளை விற்றுவிட்டார். மழையில் கரைந்துபோன அணை இருந்த இடத்தில் வலை காயப் போட்டார்கள்.

பதில் ஒரு நாள் வந்தேவிட்டது. ‘வளையின் ஆழம் அடியா, அங்குலமா என்பதைத் தெளிவுபடுத்தவும். அதுவரை கரையில் யாரும் கைவைக்கக் கூடாது.’

அதன்பின் பணி ஓய்வுவரை எத்தனையோ கரைகளைப் பார்வையிட்டேன். கரைக்குக் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்காமல் ஒரு படிவத்திலும் முதல் கட்டத்தை நான் நிரப்பியதில்லை. அந்தப் பதில் என் மேசைக்கு வந்தது 1956 தை மாதத்தில், மீன்காரம்மாவின் பேத்திக்குக் காது குத்துகிறார்கள் என்று நான் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்த வெள்ளிக்கிழமை.