நாடாவின் ஓரத்தில் ஒரு சரிகை இழை

நடந்தவை, வரிசையாக:

1. பிரான்ஸின் பேர்பெற்ற பாலே நடனக்காரர் ஒருவர், கோயில் பார்க்க வந்தபோது, பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறியையும் பார்த்தார். தறிக்கு மேலிருக்கும் ஜக்கார்டு பெட்டியை எட்டிப் பார்க்கக் கால்விரல் நுனியில் எழும்பினார். எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. டிசைனைத் தறிக்குச் சொல்லும் துளை அட்டைகள் ஓடும் விதத்தை நான் விளக்கி முடிக்கும்வரை இறங்கவுமில்லை.

2. எட்டு வயதில் நடனப் பள்ளி, பத்தொன்பதில் முதன்மை வேடம், நாற்பத்திரண்டில் கட்டாய ஓய்வு. அவருடைய அரங்கின் விதி அது. கடைசி ஆட்டத்தின் காலணிகளில் கட்ட நான்கு பட்டு நாடா கேட்டு எனக்கு மெயில் அனுப்பினார். சரிகை வேண்டாம் என்று இரண்டு முறை எழுதியிருந்தார்.

3. கைத்தறி டிப்ளமோ படித்துவிட்டு டிசைன் போட்டவள் நான். நெய்தவர் அத்தை.

4. நாடாவில் சரிகை இருந்தது.

நான்காவதை விளக்க வேண்டும். ஒரு அங்குல அகலத்துக்கு நீளவாட்டு இழைகளை, தனிப் பாவாக, தறியில் ஏற்றிய அன்றே அத்தை முரண்டு பிடித்தார்.

“எங்க மாமியா காலத்துலேர்ந்து இந்தத் தறியில சரிகை இல்லாம எதுவும் இறங்குனதில்லமா.”

“கால்ல தங்கம் போடக்கூடாதுன்னு நீங்கதானே அத்தை சொல்லுவீங்க?”

“அது நமக்கு. அந்தம்மாவுக்குக் காலுதானே மூஞ்சி. ஓரமா ஒரே ஒரு இழை. டிப்ளமோ படிச்சவங்க கண்ணுக்குக்கூடத் தெரியாது, போ.”

சிரித்துவிட்டேன். ஒப்புக்கொண்டேன். மெயிலில் அதைச் சொல்லாமல் நாடாவை அனுப்பினேன்.

ஆட்டத்தின் வீடியோ வந்தது. கடைசிக் காட்சியில் ஒரு தாவலிலிருந்து இறங்கியதும் இடது கணுக்காலை ஒரு கணம் குனிந்து பார்க்கிறார். பிறகு முடிவுவரை ஆடுகிறார். வணங்க வரும்போது, இளஞ்சிவப்புக் காலுறையில், நாடா முடியும் இடத்தில், ரத்தம் கசிந்தது போல் ஒரு கறுத்த புள்ளி.

சரிகை இழை தோலை அறுக்குமா என்று, மீந்த நாடாவை அவர் கட்டியிருந்தது போலவே என் கணுக்காலில் சுற்றி மாடியில் ஒரு மணி நேரம் நடந்து பார்த்தேன். சிவந்த கோடு விழுந்தது. தோல் கிழியவில்லை. ஆனால் நான் நடந்தேன், ஆடவில்லை. அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது.

இப்போது அத்தை தறி மிதிக்கும்போது அவர் பாதங்களைத்தான் பார்க்கிறேன். குதிகால் எழுந்தால் அது இறங்கும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை. அத்தையோ வருகிறவர்களுக்கெல்லாம் அதே வீடியோவைக் காட்டுகிறார்.

“பாத்தியா, லைட்டுல எப்டி மின்னிக்கினு இருக்குது! நம்ம இழைதான்.”

நடந்ததையெல்லாம் அந்த நடனக்காரருக்கு எழுதி அனுப்பி ஒன்பது நாள் ஆகிறது. பதில் இல்லை. அந்தப் புள்ளியைப் பற்றி அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.