பேரில் இல்லாத அப்பா

வாயில் ஒரு பிடி சின்ன ஆணி. நாக்கு நுனியால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி, எடுத்து, சோபாவின் விளிம்பில் வைத்து ஒரே தட்டு. அதற்குள் அடுத்தது உதட்டில் தலைகாட்டிவிடும். சோபா தைக்கும் இந்த மனிதரைத் தெருவில் எல்லாரும் ஆணிவாயர் என்றுதான் சொல்கிறார்கள். சொந்தப் பேரால் கூப்பிடுவார் யாருமில்லை. மனைவிகூட 'இங்க பாருங்க' என்பதோடு சரி.

ஆணி இருக்கும்வரை பேச்சு கிடையாது. சம்மதத்துக்கு ஒரு 'ம்', மறுப்புக்கு ஒரு 'ம்', அவசரப்படுத்துகிறவர்களுக்குக் காது கேளாத 'ம்'. மதிய வெயில் கதவிடுக்கில் சாய்ந்து விழும். பஞ்சுத் தூசி அந்த வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் கை மட்டும்தான் வேலையில் இருக்கும். ஆள் எங்கேயோ போயிருப்பார்.

ஆனால் மகனைக் கூப்பிடவென்றால் ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிடுவார். சாப்பிட அழைத்தாலும் முழுப்பேர்தான்: மகனின் பேர், 'இப்னு', அப்புறம் நெட்டையரின் பேர். நெட்டையர் இதே கடையில் கூட்டாளியாக இருந்தவர், உயிர்த்தோழர். பிள்ளை தவழுமுன்பே காய்ச்சலில் போய்விட்டார். கொஞ்ச காலம் கழித்து அவர் மனைவியை ஆணிவாயர் மணந்துகொண்டார். அவளோடு பிள்ளையும் இவர் மடிக்கு வந்தான். பிறகு வேறு பிள்ளை பிறக்கவில்லை.

'இப்னு' என்றால் அரபியில் மகன். இன்னாரின் மகன், அவர் இன்னாரின் மகன் என்று பேர் பின்னோக்கி நடந்துகொண்டே போகும். ஒருவன் தன் பேரைச் சொன்னால் அவன் அப்பனும் பாட்டனும் கூடவே வந்து வாசலில் நிற்கிறார்கள் என்று அர்த்தம். அதில் ஒரு கண்டிப்பும் உண்டு. வளர்த்தவன் எத்தனை ஆசையாகச் சோறு ஊட்டியிருந்தாலும், பிள்ளையைப் பெற்றவன் பேரால்தான் அழைக்க வேண்டும்.

பள்ளியில் சேர்க்கப் போன அன்று, அங்கிருந்தவர் இரக்கப்பட்டு, உங்கள் பேரையே போட்டுவிடலாமே, யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்றாராம். ஆணிவாயர் மசியவில்லை.

"செத்தவன் வந்து கேக்கமாட்டான்னு அவன் பிள்ளையை என் பேருல எழுதிக்கலாமா? அவனுக்குன்னு மிச்சம் இருக்கறதே இந்தப் பேர் ஒண்ணுதான்."

சொல்லிவிட்டார். மனசு கேட்க வேண்டுமே! வேலைக்கு நடுவே, முதல் தட்டுக்கு மகன் பேர், இரண்டாவதற்கு 'இப்னு', மூன்றாவதற்குத் தன் பேர் என்று உள்ளுக்குள் சொல்லிப் பார்ப்பார். மூன்றாவது தட்டு விழாது. சுத்தியல் அந்தரத்தில் நிற்கும். வெல்லம் திருடப் போய் அகப்பட்ட பிள்ளைபோல ஒரு முழி முழித்துவிட்டு அடுத்த ஆணிக்குப் போவார். ஆசைக்கு வெட்கம் ஏது?

மருமகளுக்கு வயிறு தெரிய ஆரம்பித்ததும் அந்த ஏக்கம் இன்னும் பெருத்தது. பேரன் வந்தாலும் பேர் அதே பாதையில்தான் போகும். முதலில் அப்பன், அவனுக்குப் பின்னால் நெட்டையர். அந்த வரிசையில் தனக்கு நிற்க இடமில்லை. நெட்டையர்மேல் பொறாமையா என்றால் இல்லை. பக்கத்தில் ஒண்டிக்கொள்ள ஓர் ஓரம் கிடைத்தால் போதும் என்றுதான் இருந்தது. தன் காலத்துக்குப் பிறகு தன் பேரைச் சொல்ல ஒரு நாக்கும் இருக்காதென்று ஒருநாள் மனைவியிடம் சொல்லிவிட்டார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "பேருல இல்லாட்டி என்ன? அவன் தும்மறதுகூட உங்களை மாதிரிதான்" என்றாள். சிரித்துவிட்டார். ஆறுதலாகத்தான் இருந்தது, ஆனால் போதவில்லை.

போன வாரம் மகன் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தான். கூடவே அவன் அம்மா. ஆணிவாயர் பாதி தைத்த நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். பேர் வைத்தாயிற்று என்றான் மகன். அவர் குழந்தையின் குதிகாலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். என்ன பேர் என்று கேட்கவில்லை. கேட்டால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயம்.

"பின்னாடி நிக்கறவங்களை மாத்த முடியாதுப்பா. நீங்களே விடமாட்டீங்க. ஆனா முன்னாடி இடம் காலியாத்தானே இருந்துச்சு."

அப்புறம் குழந்தையின் முழுப்பேரையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னான். முதலில் வந்தது ஆணிவாயரின் சொந்தப் பேர். தெருவே மறந்துபோன பேர். 'இப்னு' என்று மகனின் பேர். மறுபடி 'இப்னு' என்று நெட்டையரின் பேர்.

வெளிச்சத்தில் பஞ்சு மிதந்துகொண்டிருந்தது. ஆணிவாயர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, நேராக நின்றார்.